சுவர் பக்கம் சாய்ந்த பாலிகை

ஹரிதா புறப்பட்டுப் போனது வைகாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது, மழை மட்டும் வரவில்லை. பீளமேட்டில் அவர்கள் வீட்டு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. மாப்பிள்ளையின் வெள்ளைக் காரில், பின்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பித்தளைத் தாம்பாளம். அதில் உள்ளங்கை அளவு மண் கிண்ணங்கள் ஐந்து. கிண்ணம் நிறைய இளம்பச்சை முளைகள்.

மெர்சி அக்காவும் நானும் கேட்டுக்கு வெளியே, செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் நின்றிருந்தோம். கார் நகரும் நேரத்தில் கண்ணாடி இறங்கியது.

“மெர்சிக்கா,” என்றாள் ஹரிதா. “எல்லாமே நல்லா மொளைச்சிருக்குது, பாத்தீங்களா?”

அவள் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை சசிதர் அவளைத் தாண்டிக் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினான். கண்ணாடி ஏறியது. கார் அவிநாசி ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது.

அந்த முளைகளில் ஒன்றுகூட மண்ணில் முளைத்ததல்ல. ஒவ்வொன்றையும் அக்கா கையால் உருட்டி, அடுப்பில் சுட்டுச் செய்திருந்தார்.

மெர்சி அக்கா பிறந்தது தாராபுரத்துக்குக் கிழக்கே, அமராவதிக் கரையோர ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். பத்தாவது முடித்ததும் அக்காவைப் பீளமேட்டு மில் ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். ஓடுகிற இயந்திரத்தில் அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போடும் வேலை. மில்லை மூடிய பிறகும் அந்த விரல்களுக்கு ஓய்வில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே முந்தானை நூலைப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு மழைக்காலத்தில் யூடியூபில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் கடுகளவு ரோஜா செய்வதைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து பாலிமர் க்ளே. பெயரில்தான் களிமண். உண்மையில் அது பிசைந்தால் இளகும் ஒருவகை பிளாஸ்டிக். வேண்டிய உருவம் பிடித்து, சின்ன ஓவனில் மிதமான சூட்டில் வைத்து எடுத்தால் இறுகிவிடும். பிறகு தண்ணீர் பட்டாலும் வெயில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. சூடு கூடிவிட்டால் மட்டும் கருகி, தொண்டையைப் பிடிக்கும் நெடி வரும். அப்போது எங்களை எல்லாம் வெளியே விரட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பார்.

கட்டைவிரல் உயரத்தில் குலை தள்ளிய வாழை, தீப்பெட்டிக்குள் அடங்கும் கறிவேப்பிலைச் செடி, காய் தொங்கும் முருங்கை என்று அக்கா கையில் எல்லாம் வந்தன. கடையிலிருந்து வரும் பச்சையை அப்படியே பயன்படுத்தமாட்டார். “அது செத்த பச்சைங்க” என்பார். மஞ்சளும் துளி கறுப்பும் சேர்த்துப் பிசைவார். இலைக்கு நரம்பு போட நிஜ இலையையே அழுத்தி எடுப்பார். பூச்சி அரித்த ஓட்டை, வெயிலில் காய்ந்த ஓரம் எதையும் விடமாட்டார். எந்தச் செடியைச் செய்தாலும் நிஜமானதைக் கண்ணெதிரே வைத்துப் பார்த்துத்தான் செய்வார். மனதிலிருந்து செய்வது பொய் என்பது அவர் கணக்கு.

ஆனால் அக்கா வளர்த்த நிஜச் செடி எதுவும் பிழைத்ததில்லை. கல்லூரி பஸ் ஓட்டும் அவர் வீட்டுக்காரர் ரூபன் அண்ணனுக்கு அது தினசரிக் கேலி.

“வாசல்ல கறிவேப்பிலை தண்ணியில்லாம சாகுது. உள்ள இவ பொம்மைச் செடிக்குப் பவுடர் போட்டு உடறா.”

“பொம்மை வாயத் தொறந்து கேக்காதுங்க. அதான் அதைப் பாக்கறேன். நீங்க ரெண்டு சொம்பு ஊத்துனா கை தேஞ்சுபோயிருமா?”

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கோவைக்குத் திரும்பிய நான் அவர்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். எங்கும் நிலையாக உட்காராத எனக்கு, அசையாமல் உட்கார்ந்து இலை செய்கிற ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடித்திருந்தது. அங்கேதான் ஹரிதாவைப் பார்த்தேன்.

அவள் அப்பா திருமலைசாமி நூல் வியாபாரம் செய்பவர். தெலுங்கு பேசும் பழைய குடும்பம். அம்மா ரங்கநாயகி ஒவ்வொரு நவராத்திரிக்கும் கொலுவில் வைக்க அக்காவிடம் குட்டித் தோட்டம் வாங்குவார். அப்படி அம்மாவோடு வாங்க வந்தபோதுதான் ஹரிதா அக்காவிடம் ஒட்டிக்கொண்டாள். பக்கத்துக் கல்லூரியில் படித்தவள். அக்காவின் செடிகளைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கியதே அவள்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலை நறுக்கிக் கொடுப்பாள்.

நிச்சயம் ஆன பிறகு அவள் பேச்சு குறைந்தது. மாப்பிள்ளை சசிதர் வீடு தாராபுரத்திலிருந்து உடுமலை போகும் வழியில், தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது. நார் மில் வைத்திருந்தார்கள். சசிதர் அவள் போனில் ஏதோ செய்து வைத்திருந்தான். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்கு எந்நேரமும் தெரியும். எங்கள் வீட்டில் கொஞ்சம் அதிகம் உட்கார்ந்தால் போன் அடிக்கும். “இன்னும் அங்கயா?” ஒரு நாள் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் பதிந்த தடம் நீலமாக இருந்தது.

“வளையல் அழுந்திருச்சுக்கா.”

“வளையலுக்கு எத்தனை விரல் சாமி?”

அவள் கையை உருவிக்கொண்டாள். அப்புறம்தான் பாலிகையைப் பற்றிச் சொன்னாள்.

அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில், முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்னால் ஐந்து மண் கிண்ணங்களில் நவதானியம் விதைப்பார்கள். கல்யாணப் பெண் தன் கையால் தானியம் எடுத்து மஞ்சள் துணியில் கட்டிக் கொடுப்பாள். சுமங்கலிகள் விதைத்துப் பாலும் நீரும் தெளிப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் முளைகளைக் கொண்டுபோய் ஆற்றில் விடுவார்கள். இதுதான் பாலிகை. மற்ற வீடுகளில் அது ஒரு சடங்கு. திருமலைசாமிக்கு அப்படியில்லை. அவருடைய ஒரே தங்கையின் கல்யாணத்தில் பாலிகை முளைக்காமல் கறுத்துப்போனது. பெரியவர்கள் பொருட்படுத்தவில்லை. அடுத்த பொங்கலுக்குள் அந்தப் பெண் கருகி இறந்தாள். ஸ்டவ் வெடித்தது என்று சொன்னார்கள். அந்த வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது.

“இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு நான் சொன்னா யாரும் கேக்கல. பத்திரிகை வச்சாச்சுங்கறாங்க. அதனால அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். பாலிகை மொளைக்கலேன்னா கல்யாணத்த நிறுத்திரோணும்னு. அப்பா சாமி முன்னால நின்னு சரின்னுட்டாரு.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏங்கண்ணு, தண்ணி பட்டா பயறு மொளைக்கத்தான் செய்யும். அத நம்பியா உக்காந்திருக்கறே?”

“மொளைக்காதுக்கா,” என்றாள் ஹரிதா. நிதானமாகச் சொன்னாள்.

அப்போது உள்ளே வந்த ரூபன் அண்ணன் மூக்கை உறிஞ்சினார். “என்ன அம்மணி, கல்யாண ஊட்ல பயறு உருண்டை புடிக்கறாங்களாட்ட இருக்குது. கைல வறுத்த வாசம் அடிக்குது. எங்களுக்கெல்லாம் கொண்டாரமாட்டியா?”

“கொண்டாரேனுங்கண்ணா,” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

இது நடந்து சில நாட்களில் ரங்கநாயகி அம்மா வந்தார். டிரைவரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, வெயிலில் நடந்து வந்திருந்தார். பையிலிருந்து ஐந்து காலி மண் கிண்ணங்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் முன்பக்கமும் நாமம் இட்டிருந்தது.

“மெர்சி, இதுல பாலிகை மொளைச்சு நிக்கறாப்ல செஞ்சு தரோணும். நெசமான அளவுக்கே. கல்யாணத்துக்குள்ள வேணும்.”

“பொம்மையா எதுக்குங்கம்மா?”

“மேடைக்கு முன்னால வைக்க. போட்டோக்காரன் வெளக்குப் போட்டு நெசமானத வாட்டிப்போடுவான். நெசமானது பூசை ரூம்ல இருக்கும்.”

கல்யாணத்துக்கு அலங்காரப் பொம்மை கேட்டு வருகிறவர்கள் உண்டு. அதில் விசித்திரம் எதுவும் இல்லை. ஆனாலும் அக்கா கேட்டார்: “நெசமானது நல்லா மொளைச்சுதுங்களாம்மா?”

“ஏன் மொளைக்காம?” ரங்கநாயகி அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார். “ஹரிதாகிட்டச் சொல்ல வேண்டாம் கண்ணு. மேடைல பாத்து அவளே ஆச்சரியப்படட்டும்.”

அவர் போன பிறகு அக்கா கிண்ணங்களைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான், “என்னக்கா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல அம்மணி. இத்தன வருசமா பெருசை எல்லாம் சின்னதாப் பண்ணுனேன். மொத தடவையா உள்ளது உள்ள அளவுக்கே கேக்கறாங்க.”

வேலையைத் தொடங்கிய பிறகு அவருக்கு வேறு நினைப்பு இல்லை. மாதிரிக்காக ஒரு டம்ளரில் மண் போட்டுப் பச்சைப்பயறும் உளுந்தும் எள்ளும் விதைத்து, அடுப்படி ஜன்னலில் வைத்தார். இரண்டாம் நாளே முட்டிக்கொண்டு எழுந்தன. அக்கா கை பட்டு உயிர் பிடித்த செடிகள் அவை மட்டும்தான். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். மெல்லிய கம்பியின் மேல் க்ளேயைச் சுற்றி, தண்டை இழுத்து, பிளந்த பருப்பை இரண்டாக விரித்து ஒட்டினார். சிலதில் பயற்றுத் தோல் இன்னும் கழலாமல் தொப்பிபோல் நின்றது. அதையும் செய்தார். வெயிலில் க்ளே இளகிவிடும் என்று அடிக்கடி ஐஸ் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டார். கிண்ணத்துக்குள்ளே க்ளேயாலேயே ஒரு தட்டு, அதில் முளைகளை நட்டு, மேலே பசை தடவி நிஜ மண்ணைத் தூவினார்.

ஜன்னலில் இருந்த நிஜ முளைகள் எல்லாம் வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தன. அக்கா அந்தச் சாய்வையும் விடவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்பவர். கிண்ணத்தின் நாமம் அவரைப் பார்த்திருக்கும். அதனால் முளைகள் நாமத்துக்கு எதிர்ப்பக்கமாக, அவரைவிட்டு விலகிச் சாய்ந்து நின்றன.

முடித்தபோது எது டம்ளரில் முளைத்தது, எது சுட்டெடுத்தது என்று எனக்கே தெரியவில்லை. ரூபன் அண்ணன் தலையைச் சொறிந்தார். “இத வச்சு ஊரையே ஏமாத்தலாம் போ.”

அக்கா அப்போது சிரித்தார்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்துக்குக் கிளம்பும் முன் வீட்டில் பாலிகைக்குப் பூசை. எங்களையும் அழைத்திருந்தார்கள். அந்த வீட்டில் அக்காவை உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை. வராதே என்றும் சொன்னதில்லை. அவராகவே ஹாலின் ஓரத்தில், பூசை அறை வாசலுக்கு நேராக நின்றுகொள்வார். நானும் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே ஐந்து சுமங்கலிகள் பாலும் நீரும் தெளித்துக்கொண்டிருந்தார்கள். திருமலைசாமி பட்டு வேட்டியில், கண் கலங்க நின்றிருந்தார்.

“பாத்தியா அம்மணி, எங்கொப்பன் காலத்துலகூட இத்தன செழிப்பா மொளைச்சதில்ல. இனி எனக்கு வெசனமில்ல,” என்று மகளிடம் சொன்னார்.

அக்கா என் கையைப் பிடித்தார். ஐஸ் தண்ணீரில் நனைத்தது மாதிரி இருந்தது அந்தக் கை. கிண்ணங்கள் சுவரோரப் பலகையில், நாமம் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தன. பூசை அறையின் ஒரே ஜன்னல் எதிர்ப்பக்கம். வெளிச்சம் அங்கிருந்து விழுந்துகொண்டிருக்க, முளைகள் அத்தனையும் அதற்கு முதுகைக் காட்டி, இருட்டுச் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. தெளித்த பால் இலைகளுக்குள் இறங்கவில்லை. முத்து முத்தாக உருண்டு நின்றது.

யாரும் கவனிக்கவில்லை. ஹரிதா மட்டும் பார்த்தாள். முளைகளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். குனிந்து ஒரு இலையை இரண்டு விரலால் கிள்ளினாள். அது கிள்ளுப்படவில்லை. நிமிர்ந்தபோது வாசலுக்கு வெளியே நின்ற மெர்சி அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவள் யாரையும் பார்க்காமல் நடந்து போய் மண்டபத்துக்குப் போகும் காரில் ஏறினாள்.

அக்கா பின்கட்டுக்கு ஓடி ரங்கநாயகி அம்மாவைப் பிடித்தார்.

“ஏனுங்கம்மா, நெசமானதெல்லாம் எங்கீங்க?”

“எது நெசம்?”

“மொளைச்சதுங்கம்மா. நீங்க வெதைச்சது.”

ரங்கநாயகி அம்மா பின்கட்டுக் கதவைச் சாத்தினார். “இன்னைக்கு இதுதான் நெசம். சத்தம் போடாம சாப்புட்டுப் போ கண்ணு.”

அக்கா சாப்பிடவில்லை. மண்டபத்தில் கூட்டத்துக்கு நடுவே திருமலைசாமியை நெருங்கவும் முடியவில்லை. முகூர்த்தம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி, மாப்பிள்ளையின் கார் கிளம்பும் நேரத்திலாவது திருமலைசாமியிடம் சொல்லிவிடலாம் என்று கேட்டருகே நின்றார். தாலி ஏறிவிட்டது, இனி சொல்லி என்ன ஆகும் என்றும் அவரே சொல்லிக்கொண்டார். கார் போய்விட்டது.

அன்று பொழுதோடு ஹரிதாவுக்கு அக்கா ஒரு வாட்ஸ்அப் அனுப்பினார். எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தது: “சாமி எனக்கு தெரியாது. மன்னிச்சுக்கோ.” ஒரே ஒரு டிக் விழுந்தது. மறுநாளும் ஒன்றுதான். இரண்டாவது டிக் வரவே இல்லை. இன்ஸ்டாகிராம் பக்கமும் ஒரு நாள் காணாமல் போனது. அக்காவின் செடிகளோடு, அவற்றைப் பிடித்திருந்த ஹரிதாவின் விரல்களும் போயின.

புரட்டாசியில் கொலுவுக்காக ரங்கநாயகி அம்மா வந்தார். இளைத்திருந்தார்.

“ஹரிதா சௌக்கியமுங்களா?”

“இருக்கறா. மாப்பிள்ளைக்கு ரொம்பப் பாசம். வீடியோ கால்ல போனை அவரே கையில புடிச்சுக் காட்டறாரு. இவ தூரத்துல உக்காந்து தலையாட்டறா. இந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டை போட்டுட்டு...” அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

“போயிக் கூட்டிட்டு வாங்கம்மா!”

“ஆடிக்கு அழைக்கப் போனோம். காச்சல்னுட்டாங்க. இவர்கிட்டச் சொன்னா, பாலிகை அத்தன செழிப்பா மொளைச்சுதே, எதுக்கு வெசனப்படறேன்னு என்னையே திட்டறாரு.”

அதைச் சொல்லிவிட்டு அவர் வாய்விட்டு அழுதார். “வெதை கறுத்துப்போச்சு மெர்சி. அஞ்சு கிண்ணமும் கறுத்துப்போச்சு. எம் புள்ளைக்கு அது வந்துரக்கூடாதுன்னுதான் தூக்கி எறிஞ்சேன். நல்லதா ஒண்ண வச்சா நல்லதே நடக்கும்னு நெனச்சுப்போட்டேன்.”

“அய்யாகிட்டச் சொல்லிருங்கம்மா.”

“என்னைய உசுரோட வைக்கமாட்டாரு.”

அந்த வருடம் அக்கா கொலுத் தோட்டம் செய்ய மறுத்துவிட்டார். பிறகு தானே திருமலைசாமியின் கடைக்குப் போனார். அக்கா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் பாதியிலேயே சிரித்துவிட்டார்.

“பால் தெளிக்கறப்ப நான் அங்கதான் இருந்தேன், என்ற கண்ணு முன்னால நின்னுது. நீ பொம்மை செய்யறவ, உனக்கு எல்லாமே பொம்மையாத் தெரியுது அம்மணி. போ, போயி வேலையப் பாரு.”

பொய் முளை அத்தனை நன்றாக அமைந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தாலும், பாலிகை செழித்தது என்ற ஒன்றே அவருக்குப் போதுமான பதிலாக இருந்தது. வாயால் சொன்னால் நம்பமாட்டார், கையில் கொடுத்தால்தான் நம்புவார் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கையில் கொடுக்க வேண்டியதை, மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி, அக்கா ஊர்ப் படித்துறையில் விட்டிருந்தார்கள்; அது அமராவதிக்குள் கிடந்தது.

சித்திரையில் ஆறு வற்றியது. அக்காவின் அம்மா ஊரிலிருந்து போன் செய்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: கோயில் படித்துறையில் ஏதோ செய்வினை கிடக்கிறதாம், ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் போவதில்லையாம். அடுத்த பஸ்ஸில் நாங்கள் கிளம்பினோம்.

படித்துறைக்குக் கீழே மணல் வெளுத்துக் கிடந்தது. நாணல் காய்ந்திருந்தது. கரையிலிருந்த வேலிச்செடிகூட இலை உதிர்த்து நின்றது. சேறு வெடித்த ஒரு பள்ளத்தில் மட்டும் இளம்பச்சை. கிண்ணங்கள் கரைந்தும் உடைந்தும் போயிருந்தன. க்ளே தட்டுகளில் முளைகள் அப்படியே நின்றன. காற்று அடித்தது. அவை அசையவில்லை. சுற்றிலும் யாரோ வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் போட்டு வைத்திருந்தார்கள்.

கோயிலில் கூட்டிப் பெருக்கும் பழனியாத்தாள் படியில் நின்றபடியே கத்தினார். “ஏனுங்க, அதத் தொடாதீங்க! தண்ணி வத்தி எத்தன நாளாச்சு, அது வாடவே மாட்டீங்குது. எவளோ எவனையோ சாகடிக்க வச்சிருக்கறா.”

“நான்தானுங்க வச்சேன்,” என்றார் அக்கா.

பழனியாத்தாள் விளக்குமாற்றோடு இரண்டு படி மேலே ஏறி நின்றுகொண்டார்.

அக்கா மண்டியிட்டுச் சேற்றை விரலால் கிளறி ஒவ்வொன்றாக எடுத்தார். நான்கு தட்டுகள் கிடைத்தன. ஐந்தாவதைக் காணவில்லை. பள்ளம் முழுவதும் தோண்டினோம், பாறை இடுக்கெல்லாம் பார்த்தோம்.

“ஆத்தோட போயிருக்கும்க்கா.”

“நாலு போகாதது, ஒண்ணு மட்டும் எப்படிப் போகும் அம்மணி?”

மறுநாளே அவற்றைத் துணியில் கட்டிக்கொண்டு திருமலைசாமி வீட்டுக்குப் போனோம். அக்கா மேசையில் வைத்துப் பிரித்தார். திருமலைசாமி ஒரு முளையை எடுத்து வளைத்தார். க்ளே பட்டென்று ஒடிந்து, உள்ளே கம்பி தெரிந்தது. வெகுநேரம் அந்தக் கம்பியையே பார்த்தார். பிறகு, “ரங்கா” என்று மனைவியைக் கூப்பிட்டார். மனைவி வந்து மேசையைப் பார்த்ததும் அவருக்கு வேறெதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனார்.

சசிதர் வீட்டில் ஹரிதா இல்லை. அவள் போய்ப் பத்து நாளாகிறது என்றார்கள். அம்மா வீட்டுக்குத்தான் கிளம்பினாள், நாங்கள் உங்களிடம் இருக்கிறாள் என்றல்லவா நினைத்தோம் என்றார்கள். சசிதர் முகத்தில் நகக்கீறல் ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. அவள் போன் அவன் அலமாரியில் இருந்தது.

போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். தோப்புக்குள் இரண்டு கிணறுகள் இருந்தன. மோட்டார் வைத்து இறைத்தார்கள். திருமலைசாமி கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குறையக் குறைய அவர் தலை தாழ்ந்துகொண்டே போனது என்று கூடப் போன ரூபன் அண்ணன் வந்து சொன்னார். முதல் கிணற்றில் தென்னை மட்டைகள் கிடந்தன. இரண்டாவதில் ஒரு பழைய குடம். அவ்வளவுதான். ஆறுதல்பட யாருக்கும் தைரியம் வரவில்லை. தோப்பு பெரியது.

மெர்சி அக்கா அந்த நான்கு தட்டுகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார். புதைத்தால் மக்காது. எரித்தால் நச்சுப் புகை. குப்பையில் போட மனம் வரவில்லை. அடுப்படி அலமாரியின் மேல்தட்டில், துணி போட்டு மூடி வைத்தார். அதன் பிறகு அவர் செடி செய்யவில்லை. க்ளே பொட்டலங்கள் தொடாமலே பழசாகி இறுகிக் கிடந்தன. வாசலில் கறிவேப்பிலைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார். அது முதல்முறையாகத் துளிர்த்தது. ரூபன் அண்ணன் கேலி செய்யவில்லை.

யாராவது கேட்டைத் தட்டினால் அக்கா நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். அடையாளம் தெரியாத பெண் பிணம் என்று பேப்பரில் வந்தால், படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டுவார். உயரம், புடவை நிறம், மச்சம். நான் படித்துமுடிக்கும்வரை அவர் விரல்கள் நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அடுத்த ஊருக்குக் கிளம்பும் ஆசை வந்து வந்து போனது. அந்தப் பேப்பரை அவருக்கு வேறு யார் படிப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

கார்த்திகை மாதம், மழை விடாமல் பெய்த ஒரு காலையில், அக்காவின் போனில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு ஜன்னல். கம்பிகளுக்கு வெளியே ஈரமான கூரைகள். ஜன்னல் கட்டையில் நாமம் பாதி அழிந்த ஒரு மண் கிண்ணம். நாமம் வெளிப்பக்கம் இல்லை, அறைப்பக்கம் திரும்பியிருந்தது. அதனால் முளைகள் அத்தனையும் வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

அக்காவுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. நான்தான் வாசித்தேன்.

“மெர்சிக்கா, ஹரிதா. உசுரோட இருக்கேன், வேலைக்குப் போறேன். ஊர் கேக்காதீங்க. அப்பாவுக்கு நானே எழுதிட்டேன். அன்னைக்குத் தானியத்தை வறுத்துக் கட்டிக் கொடுத்தது நான்தான். வறுத்தது மொளைச்சு நின்னப்பவே எல்லாம் தெரிஞ்சுபோச்சு, யாரு கைன்னும் தெரிஞ்சுபோச்சு. நாலை ஆத்துல விட்டுட்டு ஒண்ணைப் பெட்டியில ஒளிச்சு வச்சேன். அந்த ஊட்ல இருந்தவரைக்கும் அத எடுத்து எடுத்துப் பாப்பேன். இது விதி இல்ல, செஞ்சு வச்சதுதான்னு ஞாபகம் வந்துட்டே இருக்கும். கெளம்பறப்ப கையில எடுத்துட்டு வந்தது இது மட்டும்தான். உங்க மேல கோவம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது. தீந்ததும் கூப்பிடறேன். இங்க வந்து திருப்பி வச்சிருக்கேன் பாருங்க, இப்பத்தான் சரியான பக்கம் சாயுது.”